வெறும் கோப்பு

மூன்று பன்னிரண்டுக்குத் தரவுத்தளம் நின்றது.
விழவில்லை, உடையவில்லை.
வாய் நிறைய அடக்கிக்கொண்ட பிள்ளை
விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல்
முழிப்பதைப்போல
அப்படியே நின்றது.
வட்டு நூறு சதவீதம்.

மொந்தேவிதேயோவில் ஜூலை குளிர்காலம்.
ஆறாம் மாடி ஜன்னலுக்குக் கீழே
இந்த ஊர்க்காரர்கள் கடல் என்றே சாதிக்கும் ஆறு
இருட்டில் சாலையை அறைந்துகொண்டிருக்கிறது.
எட்டு மணிக்கு ஓய்வூதியம் போய்ச் சேர வேண்டும்,
லட்சத்துச் சொச்சம் பேருக்கு.
அதில் ஒருத்தி தார்தோவின் மாமியார்.
இயக்குநர் கூப்பிட்டாலே எடுக்காதவன்
"அந்த அம்மாளுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது" என்று
கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தான்.

மாத்தே சுற்றுக்கு வந்தது.
ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், மூன்று வாய்.
ஊற்றித் தருகிறவனிடம் நன்றி சொல்லக் கூடாது இங்கே.
சொன்னால் போதும் என்று பொருள்,
அடுத்த சுற்று உன்னைத் தாண்டிப் போய்விடும்.
மரகைபோவிலிருந்து வந்திறங்கிய முதல் வாரம்
மரியாதைக்கு நன்றி சொல்லிச் சொல்லியே
நாளெல்லாம் நாக்கு வறண்டு கிடந்தேன்.
யாரும் திருத்தவில்லை.
பாவிகள், பந்தயம் கட்டியிருந்தார்கள்.

எதை அழிப்பது?
வில்மார் பழைய பதிவுகளின் பட்டியலைத் திறந்தான்.
"இதற்குக் காப்பு இருக்கிறதா?"
"இருக்கிறது என்று நினைக்கிறேன்."
நினைக்கிறேன் என்ற சொல்லுக்கு
எங்கள் அறையில் நாற்காலி போடுவதில்லை.
அவன் விரல் விசைக்கு மேலேயே
கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பியது.

அப்போதுதான் கண்ணில் பட்டது.
இருபது ஜிபி.
பெயர்: பாரம்.
உரிமையாளர்: நீபியா.

நீபியா போய் ஒன்றரை வருஷம்.
பைசாந்தூவில் பால் கூட்டுறவில் வேலை,
சம்பளம் கொஞ்சம் கூடுதல்.
போகிற அன்று இந்த அறையின் ஒரே நல்ல நாற்காலியையும்
மின்தூக்கிவரை உருட்டிக்கொண்டு போனாள்.

உள்ளே பார்த்தோம்.
முதல் வரி மட்டும் எழுத்து:
"அழியுங்கள். அப்புறம் திரும்ப வையுங்கள்."
மற்றதெல்லாம் சுழியம்.
சுழியத்துக்குப் பின் சுழியம்,
உருட்டிக்கொண்டே போனாலும் சுழியம்.

ஏறப்போகிறவன் யாரென்று தெரியாமலே
பேருந்து ஜன்னல் வழியே துண்டெறிந்து
இடம் பிடித்து வைத்திருக்கிறாள்.
எங்களோடு சண்டை போட்ட வாரங்களிலும்
அந்தத் துண்டு அங்கேதான் கிடந்திருக்கிறது.

துண்டை எடுத்தோம்.
மூன்று முப்பத்தொன்றுக்குத்
தரவுத்தளம் விழுங்கியது.
திரையில் வரிகள் நகரத் தொடங்கின.
யாரும் கை தட்டவில்லை.
தார்தோ கோட்டைக் கழற்றினான்.

பால்காரர்கள் நாலு மணிக்கு விழித்திருப்பார்கள் என்று
அவளுக்குச் செய்தி அனுப்பினேன்.
"திரும்ப வைத்தீர்களா?" அவ்வளவுதான் பதில்.
தார்தோ என் கைபேசியைப் பிடுங்கி
"நாற்காலி?" என்று கேட்டான்.
"எந்த நாற்காலி?" என்றாள்.

புது வட்டு சேர்த்து
வில்மார் மறுபடி சுழியங்களை நிரப்ப ஆரம்பித்தான்.
இருபது போதாது, முப்பது என்றான்.
முதல் வரியை அப்படியே விட்டான்.
உரிமையாளர் பெயரையும் மாற்றவில்லை,
கணக்கில் இல்லாத ஒருத்தியின் பெயர்,
தணிக்கைக்காரர்கள் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

கைபேசி என்னிடம் திரும்பி வந்தது.
நன்றி என்று எழுதப்போன விரலை
மடக்கிக்கொண்டேன்.
குடுவையை நீட்டினேன், ஊற்றினான்.

எட்டு ஐந்துக்கு மாமியார் அழைத்தாள்.
பணம் வந்துவிட்டதாம்.
ஐந்து நிமிஷம் தாமதமாம்.